வழிநெடுக வந்த வானொலி



இத்தொடரில் எனக்கு முன்னர் பேசிய அன்பர்கள் நூல்களைப் பற்றியும் அவற்றை ஆக்கியோரைப் பற்றியும் பேசினார்கள். நான் ஒரு லொறியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். தமிழ் கற்பிக்கும் ஒருவன் லொறியிலிருந்து பேச்சைத் தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், எனக்குத் தமிழ் வந்த வழி அதுதான். அந்த வழியில் என்னோடு கூட வந்தது ஒரு வானொலிப் பெட்டி.

எங்கள் ஊர் பன்வில. கண்டியிலிருந்து மடவளை, வத்தேகம வழியாக மேலேறி வந்தால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் பக்கத்தில் அது இருக்கின்றது. அதற்கும் அப்பால் மடுல்கலை முதலாகத் தேயிலைத் தோட்டங்கள் தொடர்கின்றன. அவற்றுள் ஒரு தோட்டத்தில் என் தந்தையார் லொறிச் சாரதியாக இருந்தார். தொழிற்சாலையில் பெட்டியடித்த தேயிலையை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவதும், திரும்பும்போது உரமூட்டையோ அரிசிமூட்டையோ ஏற்றி வருவதும் அவருடைய தொழில். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும், பாடசாலை விடுமுறை நாட்களில், அவர் என்னையும் கூட்டிச் செல்வார். விடியற்காலை குளிரில் புறப்படுவோம். வத்தேகமவில் ஒரு தேநீர். கண்டி நகரைத் தாண்டிப் பேராதனைப் பாலம். பின் கடுகண்ணாவை இறக்கம், கேகாலை, வரக்காப்பொலை, நிட்டம்புவ. மலையும் வளைவும் நெரிசலும் சேர்ந்து அந்த வழியை ஒரு நாள் முழுவதற்கும் நீட்டிவிடும்.

லொறியின் முன்பலகையில் ஒரு வானொலி பொருத்தப்பட்டிருந்தது. அதன் குமிழ் ஒன்று கழன்றுபோய், அந்த இடத்தில் பற்பசைக் குழாயின் மூடி செருகப்பட்டிருக்கும். காலையில் "பொங்கும் பூம்புனல்" வரும். பின்னர் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம். பிற்பகலில் சில நாட்களில் நாடகம், சில நாட்களில் "இசையும் கதையும்". ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலையும் பி. எச். அப்துல் ஹமீதின் குரலையும், எங்கள் தோட்டத்துப் பெரியவர்களின் குரல்களைக் காட்டிலும் நான் நன்கு அறிவேன் என்று தந்தையார் கேலி செய்வதுண்டு.

வானொலியை வீட்டில் கேட்பது வேறு, வழியில் கேட்பது வேறு. வீட்டில் கேட்கும்போது குரல் நம்மிடம் வந்து அமர்ந்திருக்கும். வழியில் அது வரும், போகும், மறுபடி வரும். மத்திய அலை நிலத்தைத் தழுவி வருவது. மலையையும் ஓரளவு சுற்றி வரும். ஆயினும், பாறையை வெட்டிப் போட்ட வளைவுகளிலும் ஆழ்ந்த பள்ளங்களிலும் அது தளர்ந்துவிடும். இரவானால் அதே அலை வான்மண்டலத்தில் பட்டுத் தெறித்து நெடுந்தூரம் செல்லும். அப்போது தமிழ்நாட்டு நிலையங்களும் பெயர் தெரியாத பாஷைகளும் எங்கள் லொறிக்குள் வந்து ஒன்றோடொன்று மோதும். பண்பலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. ஒரு மலை குறுக்கே நின்றால் அத்துடன் முடிந்தது. இந்த விஞ்ஞானம் எதுவும் அன்று எனக்குத் தெரியாது. ஒரு நாடகத்தின் மிக முக்கியமான இடத்தில்தான் எப்போதும் வளைவு வரும் என்று மட்டும் தெரியும்.

அந்த வளைவிலே தந்தையார் ஒரு வேலை வைத்தார். குரல் மறைந்ததும், கண்ணை வீதியிலிருந்து எடுக்காமலே, "தம்பி, இப்ப என்னா நடக்குதுன்னு சொல்லு பாப்பம்" என்பார். நான் சொல்ல வேண்டும். பாலம் வந்து, மேடு ஏறி, குரல் திரும்பும்வரை கதை என் கையில் இருந்தது. குரல் திரும்பியதும் நான் சொன்னதும் நாடகத்தில் நடந்ததும் ஒன்றாக இருக்கமாட்டா. அவர் சிரிப்பார். சில சமயம், "அவுங்க சொல்றதவிட நீ சொன்னதுதான் சரி" என்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் எனக்கு வைத்த முதலாவது கட்டுரைப் பயிற்சி அதுவே என்று இன்று எண்ணுகின்றேன்.

இதனை என் சொந்தக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஈழத்து இலக்கிய வரலாற்று நூல்களில் பத்திரிகைகளுக்கு அதிகாரம் உண்டு, சஞ்சிகைகளுக்கு அதிகாரம் உண்டு. கேட்டு வளர்ந்தவர்களுக்கு அத்தகைய அதிகாரம் கிடைப்பது அரிது. அதிலும், மலையகத்தில் நூல் வாங்க வசதியற்ற பல்லாயிரம் பேர் இலக்கியத் தமிழைக் காதால்தான் பெற்றார்கள் என்ற உண்மை எழுதப்படாமலே கிடக்கின்றது.

எங்கள் மக்கள் இந்த மலைக்கு வந்ததே நெடுவழி நடந்து, பாடிக்கொண்டுதான். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையும் மாத்தளையும் கடந்து தோட்டங்களை அடைந்தனர். நோயிலும் பசியிலும் அவ்வழியில் இறந்தோர் மிகப் பலர். நடையின் துயரும் தோட்டத்துத் துயரும் பாட்டாயின. அப்பாடல்களைக் கேட்டுத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற பெயரில் 1983இல் நூலாகத் தந்தார். அவர் செய்த பெரும்பணி, கேட்டதை எழுதி வைத்ததாகும். அவர் எழுதியிராவிடில் அப்பாடல்களுட் பல பாடியவர்களோடு போயிருக்கும்.

இனி வானொலியின் கதைக்கு வருவோம். தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராக 1921இல் கொழும்புக்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர், பரீட்சார்த்தமாக ஒலிபரப்பைத் தொடங்கினார். முதலாம் உலக யுத்தத்தில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு அவர் ஒலிபரப்பியை அமைத்தார் என்பது வரலாறு. 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பிக்கப்பட்டது. பி.பி.சி. தோன்றி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த நாளிலிருந்து எண்ணினால் 2025 டிசெம்பர் 16 நூறாவது ஆண்டு நிறைவாகும்.

இவ்வரலாற்றிலே கண்டிக்கும் ஓர் இடமுண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையில் இருந்த தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலேதான் அது இயங்கியது. அந்தப் படையினருக்காகக் கொழும்பில் தொடங்கப்பட்டதே ரேடியோ சியாக். தென்கிழக்காசியா முழுவதும் கேட்க வேண்டும் என்பதற்காக, ஜா-எலவுக்கு அண்மையிலுள்ள ஏகலையில் 100 கிலோவாட் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. யுத்தம் முடிந்தது, படைகள் போயின. 1949இல் நிலையம் இலங்கை அரசிடம் வந்து சேர்ந்தது. ரேடியோ சிலோன் என்று உலகம் அறிந்த நிலையம் அவ்வாறு பிறந்தது. பேராதனைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். யுத்தத்துக்காக வந்த யந்திரம், எங்கள் லொறியில் பாட்டும் நாடகமுமாக ஒலித்தது.

1950 செப்டெம்பர் இறுதியில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிற்று. அவுஸ்திரேலியாவிலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த கிளிபோர்ட் டொட் அதற்கு வடிவம் கொடுத்தார். இரண்டே ஆண்டில் அதற்கு எதிர்பாராத ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலியின் கதவை மூடினார். இந்தியா முழுவதும் ஏகலையின் பக்கம் காதைத் திருப்பியது. டில்லி தன் தவற்றை உணர்ந்து விவித பாரதியைத் தொடங்க 1957 ஒக்டோபர் ஆகிவிட்டது. அதற்கிடையில் எஸ். பி. மயில்வாகனனின் தமிழ் தமிழ்நாட்டு வீடுகளில் வீட்டுக் குரலாகிவிட்டது. பின்னர் கே. எஸ். ராஜா வந்தார். அவர் பேசும் வேகத்துக்கு லொறியை ஓட்டினால் கடுகண்ணாவைப் பாறையில் மோதுவோம் என்பார் என் தந்தையார். அந்தக் கலைஞர் 1994இல் கொழும்பில் கொலையுண்டார். செய்தி வந்த நாளில் தந்தையார் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பது என் நினைவில் இருக்கின்றது. நேரில் ஒருநாளும் கண்டிராத ஒருவருக்காக அவர் துக்கம் காத்தார்.

பாட்டோடு நாடகமும் வளர்ந்தது. "சானா" என்ற எஸ். சண்முகநாதன் வானொலி நாடகத்துக்கு ஓர் அந்தஸ்தைத் தேடித் தந்தார். இலங்கையர்கோன் எழுதிய "விதானையார் வீட்டில்" தொடரில், பின்னாளில் பேராசிரியராக விளங்கிய கார்த்திகேசு சிவத்தம்பி விதானையாராக நடித்தார். சில்லையூர் செல்வராசனின் "தணியாத தாகம்" வீடுகளை அழவைத்தது. எஸ். ராமதாஸின் "கோமாளிகள் கும்மாளம்" சிரிக்கவைத்தது. அது 1976இல் "கோமாளிகள்" என்று திரைப்படமாகவும் வந்தது. மரிக்காரின் முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ், உபாலியின் சிங்களம் கலந்த தமிழ், ஐயரின் அக்கிரகாரத் தமிழ் என நால்வகைத் தமிழும் அதில் கூத்தாடின. அக்காலத்தில் நான் பிறக்கவில்லை. ஆனால், தந்தையார் நால்வரின் குரலிலும் பேசிக் காட்டுவார். மடவளைச் சந்தையில் முஸ்லிம் வியாபாரியோடும், வத்தேகமவில் சிங்கள நண்பர்களோடும், கண்டியில் யாழ்ப்பாணத்து முதலாளியோடும் நாள்தோறும் பழகிய அவருக்கு அது கடினமாக இருக்கவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன், "அப்பா, அதுல நம்ம ஆளு யாரு?" அவர் கொஞ்சத் தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "நாமதான் கேக்குறவுங்க" என்றார்.

அந்த விடையின் பாரம் வெகுகாலத்தின் பின்னரே எனக்கு விளங்கியது. வானொலி நாடகங்களில் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சே ஒலித்தது. லயத்துப் பேச்சை அதிலே கேட்பது அரிது. எங்கள் மக்கள் பிறருடைய பேச்சில் பிறருடைய வீட்டுக் கதையைக் கேட்டு, அதிலே தங்கள் துன்பத்தைத் தாங்களே பொருத்திப் பார்த்துக்கொண்டார்கள். இதனைக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர்களுள் ஒருசிலர் ஒருநாள் பேசவும் தொடங்கினார்கள். என். எஸ். எம். இராமையா அவர்களுள் தலையாயவர். அவர் எழுத்துலகில் புகுந்தது வானொலி நாடகத்தின் வழியாகவே. பின்னர் 1961இல் தினகரனில் அவருடைய "ஒரு கூடைக்கொழுந்து" வெளிவந்தபோது மலையகச் சிறுகதைக்கு ஒரு புதிய முகம் கிடைத்தது. அக்கதையின் உரையாடலைப் படிக்கும் மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு: இது கண்ணுக்காக எழுதிய உரையாடல் அன்று, காதுக்காக எழுதிப் பழகிய கை எழுதியது. வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் யாருக்கும் அது தெரியும்.

"இசையும் கதையும்" நிகழ்ச்சியையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். நேயர்கள் எழுதி அனுப்பும் சிறு கதையை, இடையிடையே பாட்டுச் சேர்த்து வாசிப்பார்கள். பெரிய இலக்கியம் என்று எவரும் அதனைக் கொண்டாடியதில்லை. பெரும்பாலும் காதல் தோல்விக் கதைகள்தாம். ஆயினும், தோட்டத்துத் தபாற்காரரிடம் ஓர் உறையைக் கொடுத்துவிட்டு, வாரக்கணக்காக வானொலியின் முன் காத்திருந்த ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவனுடைய பெயரும் தோட்டத்தின் பெயரும் காற்றில் வந்தபோது, லயம் முழுவதும் எழுந்து நின்று கேட்டது. அவன் அதன்பின் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால், எழுதலாம் என்பதை அந்த லயம் அன்று தெரிந்துகொண்டது.

வானொலியின் இன்னொரு முகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1983 ஜூலையில் நான் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்த காலம். அந்த மாதம் 26ஆம் நாள் கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. தந்தையார் லொறியை வத்தேகமவில் நிறுத்திவிட்டு, மேலே போகலாமா, அங்கேயே தங்கலாமா என்று அறிய வானொலியைத் திருப்பியிருக்கின்றார். ஊரடங்கு எத்தனை மணிக்கு என்பது அதில் வந்தது. எந்த வீதியில் யார் நிற்கின்றார்கள் என்பது அதில் வரவில்லை. அதனைச் சொன்னவர் சிங்களச் சாரதி ஒருவர். அவருடைய வீட்டின் பின்னறையில் இரண்டு இரவு இருந்துவிட்டுத் தந்தையார் வந்து சேர்ந்தார் என்று தாயார் சொல்லியிருக்கின்றார். பிற்காலத்தில் செய்தி கேட்கும்போதெல்லாம் அவர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "சொல்றத மட்டும் கேக்காத தம்பி, சொல்லாததையும் கேளு." இலக்கியத் திறனாய்வு பற்றிப் பல்கலைக்கழகத்தில் பல நூல்களைப் படித்தேன். இதனைவிடத் தெளிவாகச் சொன்ன வாக்கியத்தை நான் அவற்றில் காணவில்லை.

யுத்த காலத்து இரவுகளில் திரும்பி வரும்போது சிற்றலையில் லண்டனைத் தேடுவோம். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941இல் ஆரம்பித்தது. அதற்குத் "தமிழோசை" என்று பெயர் சூட்டியவர் ஓர் ஈழத்தவர், சோ. சிவபாதசுந்தரம். கரம்பொன்னைச் சேர்ந்த அவர் ஈழகேசரியின் ஆசிரியராக இருந்தவர். இலங்கை வானொலியிலும் பின் லண்டனிலும் பணியாற்றியவர். 1954இல் "ஒலிபரப்புக் கலை" என்ற நூலையும் தந்தார். தமிழோசையின் வானொலிச் சேவை 2017இல் நிறைவுபெற்றது.

சிவபாதசுந்தரத்தின் நூல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அவர் எழுதிய புகழ்பெற்ற நூல்கள் மூன்று: "மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்", "கௌதம புத்தர் அடிச்சுவட்டில்", "சேக்கிழார் அடிச்சுவட்டில்". மூன்றும் பயண நூல்கள். பழைய நூல் கூறும் ஊர்களைத் தேடி, வழிநெடுகப் பார்த்தும் கேட்டும் எழுதியவை. இனித் தமிழ்நாட்டைப் பாருங்கள். தி. ஜானகிராமனும் சிட்டி என்ற பெ. கோ. சுந்தரராஜனும் காவேரியின் வழியே பயணஞ்செய்து எழுதிய "நடந்தாய் வாழி காவேரி" 1971இல் வெளிவந்தது. அவ்விருவரும் அகில இந்திய வானொலியில் பணிபுரிந்தவர்கள். அதே சிட்டியும் சிவபாதசுந்தரமும் சேர்ந்து தமிழ் நாவலுக்கும் சிறுகதைக்கும் வரலாறு எழுதினார்கள். வானொலிக்காரர் மூவர், வழி பற்றிய நூல்கள். இது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வானொலியில் பேசுபவன் முகம் தெரியாத ஒருவரின் காதருகே பேசப் பழகியவன். வழியில் போகின்றவனும் அவ்வாறே, தெரியாத ஊரிலே ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கின்றவன். இருவருக்கும் நேரம் குறைவு. இருவரும் சொல்வதைச் சுருக்கிச் சொல்லி, கேட்பதைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

மோட்டார் வண்டிக்கும் வானொலிக்கும் உள்ள உறவு அமெரிக்காவில் 1930 அளவிலே வலுப்பெற்றது. கல்வின் சகோதரர்கள் அவ்வாண்டில் மோட்டரோலா என்ற கார் வானொலியை விற்பனைக்கு விட்டார்கள். வால்வுகளும் பெரிய பற்றரிகளும் வேண்டிய அந்தப் பெட்டி அன்று செல்வர்களுக்கே உரியது. 1947இல் ரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு, 1950களில் அது வானொலிக்குள் வந்த பின்னரே பெட்டி சிறுத்தது, விலை இறங்கியது. துரைமார் பங்களாவில் மட்டும் ஒலித்தது லயத்து வாசலுக்கும், துரையின் காரில் ஒலித்தது லொறிக்கும் வந்தது. கேட்பதிலே ஒரு சமத்துவம் ஏற்பட்டது என்றால் அது மிகையன்று.

1998இல் சூரியன், சக்தி போன்ற தனியார் பண்பலை வானொலிகள் வந்தன. பேச்சு நடை மாறியது. இளையோரின் குரல் பெருகியது. மலையகத்து அறிவிப்பாளர்களின் குரலையும் கேட்க முடிந்தது. பழைய வானொலியே சிறந்தது என்று பெருமூச்சு விடும் கூட்டத்தில் நான் சேரவில்லை. இன்று நான் பன்விலவிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் சிறிய காரிலும் வானொலி ஒலிக்கின்றது. வத்தேகம இறக்கத்தில் பண்பலை இன்றும் அறுந்து அறுந்துதான் வருகின்றது. கைத்தொலைபேசியில் அறாமல் கேட்கலாம் என்று மகன் சொல்கின்றான். உண்மைதான். ஆனால், அறாமல் வரும் குரல் என்னை எதுவும் கேட்பதில்லை. வளைவிலே நின்றுவிடும் குரல், மிச்சத்தை நீ சொல் என்று கேட்கின்றது. நான் எழுதிய கட்டுரைகளுட் சில அந்த வளைவுகளில் தொடங்கியவை. நான் கற்பிக்கும் முறையும் அங்கிருந்தே வந்தது. உயர்தர வகுப்பில் ஒரு நாடகப் பதிவைப் போட்டுவிட்டு, நடுவிலே நிறுத்திவிடுவேன். மாணவர் மிச்சத்தை எழுத வேண்டும்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு பாடத்தில் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, நாடகத்தின் யாழ்ப்பாணத்துத் தாய்க்கும் மகனுக்கும் இடையில் நடந்த பேச்சை முழுக்க முழுக்க லயத்துப் பேச்சிலே எழுதித் தந்தாள். பேச்சு மாறிவிட்டதே என்று கேட்டேன். "எங்கம்மா இப்பிடித்தான் சேர் பேசுவாங்க" என்றாள். நான் அதிலே ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. தந்தையார் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், கேட்கின்றவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று.

அவர் காலமாகிச் சில ஆண்டுகளாகின்றன. அவருடைய பெட்டியில் ஒரு கொப்பி இருந்தது. அது லொறியின் முன்பலகையில் எப்போதும் கிடந்த கொப்பி. முன்பக்கங்களில் பெற்றோல் கணக்கும் பெட்டிக் கணக்கும். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் சொற்கள். வானொலியில் கேட்டு விளங்காதவற்றை அவர் எழுத்துக் கூட்டி எழுதியிருக்கின்றார், சிலவற்றை என் சின்ன வயதுக் கையெழுத்து. "ஆற்றாமை." "கரிசனை." "ஏதிலி." இந்தக் கடைசிச் சொல்லுக்கு நான் பொருள் சொன்ன நாள் நினைவிருக்கின்றது. "யாருமில்லாதவுங்க, போக எடமில்லாதவுங்க" என்றேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட ஒருவரின் மகன் அவர். "நம்மளுக்கு ஒரு நல்ல பேரு வச்சிருக்காங்க" என்று சொல்லி, அச்சொல்லின் கீழே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு இன்றும் இருக்கின்றது.

நேயர்களே, அந்தக் கொப்பியைத்தான் இன்று நான் உங்களிடம் ஒரு சான்றாக வைக்கின்றேன். வானொலி வரலாறு எழுதுவோர் நிலையத்தின் கதையை எழுதுகின்றார்கள், அறிவிப்பாளரின் கதையை எழுதுகின்றார்கள். அவை வேண்டியவையே. ஆனால், ஒலிபரப்பு என்பது பேசியவரோடு முடிவதன்று, கேட்டவரிடத்தில் சென்றே அது முழுமையாகின்றது. கேட்டவர்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றார்கள். லொறிச் சாரதிகள், பஸ் நடத்துநர்கள், சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் சென்றோர், தேயிலைத் தொழிற்சாலை இரவு வேலையாட்கள் ஆகியோரிடம் யாராவது சென்று, என்ன கேட்டீர்கள், எங்கே வைத்துக் கேட்டீர்கள், கேட்டு என்ன செய்தீர்கள் என்று விசாரித்து எழுதினால், சி. வி. திரட்டிய பாடல்களோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க ஒரு செல்வம் கிடைக்கும். என் மாணவர் சிலர் தத்தம் பாட்டன்மாரிடம் இதனைத் தொடங்கியிருக்கின்றார்கள். பத்துப் பன்னிரண்டு கொப்பிகள் சேர்ந்திருக்கின்றன. பேராதனையில் பட்டப்படிப்புப் படிக்கும் இளைஞர் எவரேனும் இதனை ஆய்வாக எடுத்துக்கொண்டால், அக்கொப்பிகளைக் கையில் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கின்றேன்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். தந்தையாரின் கொப்பியில் கடைசியாக எழுதப்பட்டிருப்பது ஒரு சொல்லன்று, ஒரு நாடகத்தின் குறிப்பு. எழுதியது நான், வயது பத்தோ பதினொன்றோ இருக்கும். ஒரு மூதாட்டி தபாற் கந்தோருக்கு வருகின்றாள். கடல் கடந்து போன மகனின் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்கின்றாள். தபாலதிபர் உறையைப் பிரிக்கின்றார். "அம்மா, கொஞ்சம் இருங்கோ" என்கின்றார். அத்துடன் கடுகண்ணாவைப் பாறை வந்துவிட்டது. அன்று பாறையைத் தாண்டிய பிறகும் குரல் திரும்பவில்லை. லொறியின் பற்றரியில் ஏதோ கோளாறு. நான் அந்தக் கதைக்குப் பல முடிவு எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை.

1990 அல்லது 1991இல் ஒலிபரப்பான அந்த நாடகத்தை உங்களுள் யாரேனும் வீட்டிலிருந்து முழுமையாகக் கேட்டிருக்கலாம். அப்படியாயின் அருள்கூர்ந்து இப்பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். கொப்பியிலே அதற்காக அரைப் பக்கம் இடம் விட்டு வைத்திருக்கின்றேன்.